பிரார்த்தனைக்குக் கிடைத்தது, சத்தியாக்கிரகத்துக்குக் கிடைக்காதது

இலங்கையில் அறப்போராட்டம் ஆயுதப் போராக மாறிய கதையைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மட்டுமே பேசுகிறோம். மலையகத்தின் ஊவா மாகாணத் தோட்டங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே போர் நடக்கவில்லை என்பதால்தான் அப்படி. ஆனால் போர் ஏன் வருகிறது என்பதை அறிய, அது வராமல் போன இடத்தையும் பார்த்தாக வேண்டும். ஒரே அரசு, ஒரே காலம், ஒரே மொழி பேசும் மக்கள். வடக்கில் முப்பது ஆண்டு அறவழி துப்பாக்கியில் போய் முடிந்தது. மலையகத்தில் 1986 ஜனவரியில் தொடங்கிய ஒரு பிரார்த்தனைப் போராட்டம் நாடாளுமன்றத்தில் சட்டமாகி முடிந்தது. இந்த வேறுபாட்டை மக்களின் குணத்தைக் கொண்டு விளக்க முடியாது என்பதே என் வாதம். கேட்க வந்தவர்களை அடிக்கக் கும்பலை விட்டு, அடித்தவர்களைத் தண்டிக்காமல் காத்து, பேச வந்த தலைவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் அரசுதான் போரை உண்டாக்குகிறது.

வடக்கின் வரலாற்றை வரிசையாகப் பாருங்கள். 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் கொழும்புக் காலிமுகத்திடலில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் தாக்கியது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்க தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1961-ல் வடகிழக்கின் கச்சேரிகளை (மாவட்ட அரச அலுவலகங்களை) முடக்கிய சத்தியாக்கிரகத்துக்கு அவசரகாலச் சட்டமும் இராணுவமும் பதிலாக வந்தன. 1965-ல் பிரதமர் டட்லி சேனநாயக்க செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. ஒவ்வொரு முறையும் செல்வநாயகம் தம் மக்களிடம் வெறுங்கையோடு திரும்பினார். எழுபதுகளிலேயே சில இளைஞர்கள் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 1983 ஜூலை வரை அவை சிறு குழுக்களே. அந்த ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, 27-ஆம் தேதி, பதுளைக் கடைவீதியில் ஒரு கும்பல் தமிழர் கடைகளை எரித்தது. பிறகு அதே கும்பல் பஸ்களிலும் வான்களிலும் ஏறி ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை என்று போனது. இரவாவதற்குள் லுணுகலையும் பற்றியது. திருநெல்வேலித் தாக்குதலோடு பதுளைக் கடைக்காரருக்கு என்ன தொடர்பு? தமிழர் என்பதைத் தவிர எதுவும் இல்லை. அடுத்த மாதமே தனிநாடு கோருவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. வாக்கு வாங்கி நாடாளுமன்றம் போன தமிழர் விடுதலைக் கூட்டணி தன் ஆசனங்களை இழந்தது. மிதவாதிகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே மேடையும் போனபின் ஆயுத இயக்கங்களுக்கு ஆள் திரட்ட எந்தப் பிரசாரமும் தேவைப்படவில்லை.

இலங்கையில் தேர்தல் நடந்துகொண்டுதானே இருந்தது, அறவழிக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சி செய்ததை எண்ணிப் பாருங்கள்: 1979-ல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து பின்னர் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது, பொதுத் தேர்தலே இல்லாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டிய 1982 சர்வசன வாக்கெடுப்பு. வாக்குப்பெட்டி இருந்தது, வாக்கால் எதையும் மாற்றும் வழி இல்லை.

இனி மலையகம். இங்குள்ள தோட்டத் தமிழருக்கு நடந்தது வடக்குக்கு நடந்ததைவிடக் கொடியது. 1948-ல் குடியுரிமை பறிபோனது, 1949-ல் வாக்குரிமை. 1952-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் செய்த சத்தியாக்கிரகத்தை அரசு பொருட்படுத்தவில்லை. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேட்காமலே பங்கு போட்டது. இவ்வளவுக்கும் அவர்கள் ஆயுதம் எடுக்காததற்குக் காரணம் அவர்கள் பணிந்துபோகும் மக்கள் என்பதுதான் என்கிற பேச்சு இன்றும் உண்டு. அது தவறு. 1940-ல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்கள் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், அதைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்தத் துரையை (தோட்ட நிர்வாகியை) சம்மதிக்க வைத்தார்கள், ஒடுக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையும் பறித்தார்கள். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டத்தில் ஆயுதம் எடுப்பது தற்கொலை என்பது இன்னொரு விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் 1977, 1981, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே போருக்குள் இழுக்கப்பட்டார்கள். அதே மக்கள்தான். தோட்டத்து லயத்தில் இருந்தவரை சங்கம் இருந்தது, மாதச் சந்தா இருந்தது, துரையிடம் போய்ப் பேசத் தோட்டத் தலைவர் இருந்தார். வன்னியில் அவர்கள் சார்பில் பேச அப்படி ஒரு சங்கம் இல்லை.

1986 தைப்பொங்கலன்று தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அழைப்பு விடுத்தது. தொழிலாளர்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் பிரார்த்தனைக்குப் போனார்கள். கொழுந்து செடியிலேயே முற்றியது. அரசு சில நாள்களில் இணங்கியது. நாடற்றவர்களாக விடப்பட்டவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. வடக்கில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்ததால்தான் அரசு பயந்து கொடுத்தது, அந்தக் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் அமைச்சரவையில் இருந்ததால்தான் கிடைத்தது என்று இரண்டு மறுப்புகள் உண்டு. இரண்டும் பாதி உண்மை. அமைச்சர் பதவியின் நிழலில் கூலியும் வீடும் பின்தங்கிப்போனதை மறைக்க வேண்டியதில்லை. தேயிலையின் அந்நியச் செலாவணி என்ற பிடி வடக்கின் சத்தியாக்கிரகிகளிடம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆனாலும் அரசு நினைத்தால் கொடுக்க முடியும் என்பதை அந்தச் சட்டம் காட்டிவிட்டது. 1956-ல் கொடுத்திருக்கவும் முடியும்.

இதைத் தமிழருக்கு மட்டும் உரிய கதையாக நினைப்பவர்கள் தெற்கைப் பார்க்கட்டும். 1982 ஜனாதிபதித் தேர்தலில் வாக்குக் கேட்டு நின்ற இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யை, 1983 கலவரப் பழியைச் சுமத்தி அரசு தடை செய்தது. 1971-லேயே கிளர்ச்சி செய்த கட்சிதான். ஆயினும் அப்போது அது தேர்தல் பாதையில் இருந்தது. தலைமறைவானவர்கள் 1987-ல் துப்பாக்கியோடு வெளியே வந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டார்கள். இலங்கைக்கு வெளியேயும் இதே கதைதான்: 2011 மார்ச்சில் சிரியாவின் தெரா நகரில் அரசை எதிர்த்துச் சுவரில் எழுதிய பள்ளிச் சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தது அரசு. கேட்கப் போனவர்களைச் சுட்டது. சுட மறுத்து வெளியேறிய படையினர் ஜூலையில் தனிப் படை அமைத்தார்கள். 2022-ல் கோட்டாபய ராஜபக்ச பதவியை விட்டு ஓடியதால் காலிமுகத்திடல் மக்கள் போராட்டமான அறகலய ஆயுதக் கட்டத்துக்குப் போகவில்லை. என்றாலும் அதே ஆண்டு மாணவர் தலைவர்கள் மீது பாய்ந்தது 1979-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

அடித்தவர்களைத் தண்டிக்காமல் விடுவது ஊவாவிலும் நடந்தது: பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25 அன்று குறைந்தது 26 தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். சுமார் 60 பொலிஸார் அங்கே இருந்தார்கள். 2003-ல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 2005-க்குள் ஐவரும் விடுதலையானார்கள். ஊவா மக்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு: அந்த வழக்கை மீண்டும் திறக்க வேண்டும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை, வேறு பெயரில் திரும்பாதபடி, அகற்ற வேண்டும்.