டெம்ப்ளேட்1-ல கை வைக்காதீங்க சாமி

போஸ்ட்கிரெஸ் வச்சுப் பொழப்பு நடத்துற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்.

புது டேட்டாபேஸ் கேட்டா, போஸ்ட்கிரெஸ் டெம்ப்ளேட்1-ஐ அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். "ஆகா, வசதியா இருக்கே"ன்னு அடிக்கடி தேவைப்படுற ஃபங்ஷன், டேபிள் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு வைக்கிறவங்க நிறைய பேரு. ஆனா அச்சுல கீறல் விழுந்தா அதுல செய்யற அத்தனை பொம்மையிலயும் கீறல்தான்.

வில்லங்கம் ரீஸ்டோர்லதான் தெரியும். பிஜி_டம்ப், யாரும் தொடாத டெம்ப்ளேட்0-ஐ அடிப்படையா வச்சுத்தான் பேக்கப் எழுதும். டெம்ப்ளேட்1 வழியா வந்த சாமானும் உங்க சாமானும் அதுக்கு ஒண்ணுதான். இப்போ வழக்கம்போல ஒரு புது டேட்டாபேஸ் உருவாக்கி, அதுல அந்த பேக்கப்பை ஏத்துங்க. பழைய சாமான் முன்னாடியே உள்ள உக்காந்திருக்கும். "ஏற்கெனவே இருக்கு"ன்னு வரிசையா பிழைச் செய்தி கொட்டும். எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் தொல்லை இல்லை. 'இல்லைன்னா உருவாக்கு'ன்னுதான் பேக்கப்புல எழுதியிருக்கும்.

"அதெல்லாம் சும்மா வர்ற எரர், கண்டுக்காதே" என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. எனக்கு ஆகாதது இந்தப் பேச்சுதான். பேக்கப்புல இருக்கிற ஃபங்ஷன் திருத்தின வடிவமா இருக்கலாம், டெம்ப்ளேட்1-ல இருக்கிறது பழசா இருக்கலாம். புதுசு ஏறாது, பழசே தங்கிடும். பிரைமரி கீ இல்லாத டேபிள்ல வரிகள் இருந்தா, அதே வரிகள் ரெண்டு தடவை ஏறிடும். பிஎஸ்க்யூஎல் வழக்கமா பிழை வந்தாலும் நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். ஐம்பது பொய் எரருக்கு நடுவுல ஒரு நிஜ எரர் வந்தா யார் கண்ணுல படும்?

மருந்து சுலபம். ரீஸ்டோருக்கான டேட்டாபேஸை டெம்ப்ளேட்0-லேருந்து உருவாக்குங்க. வேற என்கோடிங் வேணும்னாலும் அதுதான் வழி. பிஎஸ்க்யூஎல்-ல ஆன்_எரர்_ஸ்டாப்பைப் போட்டு வைங்க, முதல் பிழையிலயே நின்னுடும். பொதுச் சாமான் தேவைன்னா தனியா ஒரு டெம்ப்ளேட் உருவாக்கி, வேணுங்கிறப்போ பேர் சொல்லிக் கூப்பிடுங்க.

பேக்கப் இருக்குங்கிறது பெருமை இல்லீங்க. ஒரு பிழைகூட இல்லாம அது திரும்ப ஏறுதான்னு பார்த்து வச்சிருக்கீங்களா, அதைச் சொல்லுங்க :-)