தசரா இரவுக்கு ஏற்ற லென்ஸ்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவில், 10-ம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிறது. காளி வேடம் போட்ட பக்தரைப் படம் பிடிக்க வெளிச்சம் போதாது. பளீரென்று விளக்கு அடித்தால் அவர் கண் கூசும்!

இங்கே உதவுவது 50 மில்லிமீட்டர், 1.8 துவார எண் கொண்ட லென்ஸ். எண் குறைந்தால் துவாரம் பெரிது. 5.6 எண் லென்சைவிட சுமார் 10 மடங்கு ஒளியை அது உள்ளே விடும்.

குறையும் உண்டு. தூரத்தில் உள்ளதை அது அருகே இழுத்துக் காட்டாது, காமிராக்காரர்தான் நடக்கவேண்டும். கண் தெளிவாக விழுந்தால் கிரீடம் மங்கும்.

எல்லா வசதியும் ஒரே லென்சில் கிடைக்காது. விரதம் இருந்து நேர்த்திக்கடன் செலுத்திய மகனின் முகம் வீட்டுச் சுவரில் தெளிவாக இருக்கவேண்டுமா? மங்கிய கிரீடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்!