காயமா, சாதகமா?

சக சிற்றிதழ் ஒன்றில் ஓபரா பாடகி மரியா காலஸ் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரை. அதில் பதினொரு பக்கம் கப்பல் முதலாளி ஒனாசிஸுக்கு. குரு எல்விரா தெ இதால்கோவுக்கு அரை வரி. காதல் தந்த காயம்தான் அந்தக் குரல் என்று தீர்ப்பு வேறு.

காலண்டரையாவது பார்த்திருக்கலாம். ஒனாசிஸின் கப்பலில் காலஸ் ஏறியது 1959 கோடையில். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1949 ஜனவரியில், வெனிஸில் வாக்னரின் ப்ரூன்ஹில்டவைப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொரு பாடகி காய்ச்சலில் படுக்க, நடத்துநர் செராஃபின் சொல்லி, பெல்லினியின் 'பியூரிதானி'யை ஒரு வாரத்துக்குள் பாடம் பண்ணி மேடையேறினார். முன்னதற்கு வாத்தியப் பேரிரைச்சலைத் தாண்டி எழும் கனம் வேண்டும், பின்னதற்குப் பிருகா உதிர வேண்டும். இரண்டையும் ஒரே தொண்டையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1959க்குப் பிறகோ மேடையேறியதே குறைவு. கடைசி ஓபரா 1965 ஜூலையில், லண்டனில். ஒனாசிஸ் ஜாக்குலின் கென்னடியை மணந்தது 1968இல். பெரிய காயம் பட்டபோது பாடுவதற்கு ஓபராவே இல்லை!

ஏதென்ஸில் இதால்கோவிடம் படித்தபோது காலஸ் காலையில் வகுப்புக்குப் போனால் சாயங்காலம்வரை நகரமாட்டார். தன் பாடம் முடிந்ததும் மற்றவர்களின் பாடத்தையும் உட்கார்ந்து கேட்பார். இதை எழுத அரை வரி போதுமா?

ஆசிரியன் செத்துவிட்டான் என்று நமக்கு ஓலை அனுப்பியவர்கள்தான் இன்று பாடகியின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். புதுமைப்பித்தனின் காசநோயைப் பேசும் உற்சாகத்தில் பாதியை அவர் வாக்கியங்களுக்கு நாம் கொடுத்ததுண்டா? வறுமையும் துரோகமும் இருந்தால் போதும், இலக்கணப் பிழையையும் தரிசனமாக்கிவிடுவோம்.

எண்பதுகளில் நண்பர் பிரதியெடுத்துத் தந்த கேசட் ஒன்று இருந்தது. 1953இல் மிலானில் தெ சபாத்தா நடத்திப் பதிவான 'டோஸ்கா'. பாஷை புரியாது, கதையும் அரைகுறை. வழக்கமான அழகுக் குரலும் அல்ல. ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் கத்தி. ஆனால் சொல்லின் எடை எங்கே விழுகிறது என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. நாடா அறுந்து ஒட்டவைத்துக் கேட்டோம். ஒனாசிஸ் என்று ஒருவர் இருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

1971–72இல் நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் காலஸ் பாடம் நடத்திய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. மறுப்பு எழுத நினைக்கும் நண்பர்கள் அவற்றைக் கேட்டுவிட்டு எழுதவும். இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.