சீனச் சரக்கு வேண்டும், சீன எழுத்து வேண்டாமா?

மும்பையில் இறக்குமதிக் கம்பெனிகளில் குமாஸ்தாவாக இருக்கும் தமிழர்களுக்குச் சீனாவோடு தினமும் காரியம் இருக்கிறது. தையல் இயந்திரமும் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரமும் மின்சார சாமான்களும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆங்கிலத்தில், வண்ணப் படங்களுடன் ஒரு விலைப்பட்டியல் வந்து சேரும். முதலாளி முன்பணம் அனுப்பச் சொல்வார். குமாஸ்தா பாங்கிக் காகிதங்களைத் தயார் செய்வார். அந்தப் பக்கத்துக் கம்பெனி உண்மையில் இருக்கிறதா, எத்தனை வருஷமாக இருக்கிறது, யார் அதற்குப் பொறுப்பு என்று கேட்பார் இல்லை. சரக்கு வராதபோதுதான் இந்தக் கேள்விகள் பிறக்கும். பழியும் குமாஸ்தாவின் தலையில்தான் விடியும்.

இத்தனைக்கும் விடை சீன அரசாங்கத்தின் ஏட்டிலேயே இருக்கிறது. 2015 அக்டோபரிலிருந்து அங்கே கம்பெனிகளுக்கு எண்ணும் எழுத்தும் கலந்த 18 இடக் குறியீடு ஒன்று தரப்படுகிறது. வியாபார உரிமப் பத்திரத்தில் அது அச்சாகியிருக்கும். உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அந்தக் குறியீட்டை அரசின் கம்பெனிப் பதிவுத் தளத்தில் போட்டுப் பார்த்தால், தொடங்கிய தேதி, பதிவு செய்த மூலதனம், சட்டப்படிப் பொறுப்பாளரின் பெயர், என்ன தொழிலுக்குப் பதிவு என்பதெல்லாம் வந்துவிடும். தொழிற்சாலை என்று மார்தட்டுகிறவரின் பதிவில் வெறும் வாங்கி விற்கும் தொழில் மட்டுமே இருப்பதும் அப்போது தெரியும். ஆனால் அந்தத் தளம் சீன மொழியில் இருக்கிறது. விலைப்பட்டியலில் உள்ள ஆங்கிலப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. அங்கே சட்டம் அறிந்தது சீனப் பெயரை மட்டும்தான். ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வது அவரவர் இஷ்டம்.

பெயர் விஷயம் எல்லாத் தேடலுக்கும் அடிப்படை. சோழ மன்னர் அனுப்பிய தூதுக்குழு 1015ஆம் ஆண்டு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சுங் வம்ச வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பழைய சீன நூல்கள் பலவும் இன்று கணினியில் கிடைக்கின்றன. ஆனால் ‘சோழர்’ என்று தட்டச்சு செய்தால் அந்தப் பக்கம் கிடைக்குமா? பழைய நூல்களில் சோழநாட்டின் பெயர் ‘சூ-நியென்’. இன்றைய சீனப் பேராசிரியர்கள் எழுதுவதோ ‘சூ-லுவோ’. முதல் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான், எழுத்து வேறு. இரண்டையும் அறிந்தவர்தான் பழைய நூலையும் புதிய ஆராய்ச்சியையும் பார்க்க முடியும். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சுவான்ஜோ துறைமுக நகரைப் பற்றித் தேடுகிறவருக்கும் இதே கதைதான்.

எங்கே தேடுவது என்பது அடுத்த சிக்கல். கூகுள் 2010இல் தன் தேடல் சேவையைச் சீனப் பெருநிலத்திலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே பெரும்பாலோர் நாடுவது பைடு. வீசாட் செயலிக்குள் வெளியாகும் கட்டுரைகளோ வெளித் தேடுபொறிகளுக்கு எளிதில் அகப்படுவதில்லை. போதாக்குறைக்கு 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் வெய்போவும் இருந்தன. அவர்கள் கட்டிய சுவர் ஒரு பக்கம், இங்கே கட்டிய சுவர் மறுபக்கம். தடைக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவன் என்ன பேசுகிறான் என்று கேட்கிற காதையும் சேர்த்து அடைத்துக்கொள்வது என்ன ராஜதந்திரமோ!

சீன அரசுத் தளங்களின் முகவரிகள் ‘ஜிஓவி டாட் சிஎன்’ என்று முடியும். அந்த முடிவுள்ள பக்கங்களில் மட்டும் தேடும்படி கட்டளை கொடுத்தால் வம்புப் பேச்சுகள் விலகி, மாவட்ட அலுவலகங்களின் டெண்டர் அறிவிப்பு முதல் திட்ட அறிக்கை வரை முன்னே வரும். 2021 மார்ச்சில் நிறைவேறிய 14ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில், பிரம்மபுத்திராவாக இந்தியாவுக்குள் வரும் யார்லுங் சாங்போ ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர்மின் திட்டம் வருமென்று எழுதியே இருந்தது. அதைப் படித்தவர்களுக்கு 2025 ஜூலையில் வேலை தொடங்கிய செய்தி புதிதல்ல.

கிடைத்த பக்கத்தை உடனே நகல் எடுத்து வைப்பதும் இந்தக் கலையில் ஒரு பாதி. இன்று இருப்பது நாளை இராது. சீனாவின் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைக் களஞ்சியமான சிஎன்கேஐ, 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குச் சில பகுதிகளை மூடியது. சில அரசுத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து திறப்பதே இல்லை. கல்வான் மோதல் நடந்தது 2020 ஜூனில். தங்கள் தரப்பில் 4 பேர் மாண்டதாகச் சீனா ஒப்புக்கொண்டது 2021 பிப்ரவரியில். அந்த எண்ணிக்கையைச் சந்தேகித்து எழுதிய ஒரு சீனருக்கு எட்டு மாதச் சிறை. இப்படிப்பட்ட நாட்டில் எது வெளியானது என்பதோடு எது அழிக்கப்பட்டது என்பதும் செய்திதான்.

கணினியே மொழிபெயர்க்கிறதே, பிறகு ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பு வாக்கியத்தின் சாரத்தைத் தரும். ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் சட்டச் சொல்லையும் அது குழப்பிவிட்டால் கண்டுபிடிக்க எழுத்தறிவு வேண்டும். சீன மொழியில் புலமை பெற வேண்டியதில்லை. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி எழுத்தை வரவழைக்கும் முறை, தொழிலுக்கு வேண்டிய சில நூறு எழுத்துகள், அகராதி பார்க்கும் பழக்கம், இவ்வளவு தெரிந்தாலே ஒரு குமாஸ்தாவால் உரிமப் பத்திரத்தைச் சரிபார்க்க முடியும்.

அரசாங்கம் கற்றுத்தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தாகூரின் சாந்திநிகேதனில் 1937இலேயே சீன பவனம் திறந்த நாடு இது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிகளுக்கு உதாரணமாகச் சொன்ன அந்நிய மொழிகளில் கொரியன், ஜப்பானியம், தாய்லாந்து மொழிகூட இருக்கின்றன, சீனம் இல்லை. மும்பையின் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்குக் கோலப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. நடத்தட்டும். அதே மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதானே கிடக்கிறது? சீனம் படித்த கல்லூரி மாணவர் ஒருவரை அழைத்து, இரண்டு மணி நேர வகுப்பு வைத்தால் என்ன? பாடப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். குமாஸ்தாக்களின் மேஜையில் கிடக்கும் விலைப்பட்டியல்களையும் உரிம நகல்களையும் கொண்டுவரச் சொன்னால் முதல் மாதத்துக்குப் போதும்.