வேலியைத் தாண்டும் விதை

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (தாவரவியல்)

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் எது என்று கேட்டால், கல்வி என்று தொடக்கப்பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். பட்டிமன்ற மேடைகளில் நாமும் ஆண்டுதோறும் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். அது கொல்லைப்புறத்து விதை. ஒரு பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு விதையெடுத்தால் தெருவுக்கே பங்கிடலாம். கொடுத்தவருக்கு நட்டமில்லை, இலாபம் உண்டு. கோடையில் அவர் வீட்டுக் கொடி பட்டுப்போனாலும் அடுத்த வீட்டுப் பந்தலில் அது உயிரோடிருக்கும். வேண்டும்போது போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கணக்குப் புத்தகம் இல்லாத, வட்டி இல்லாத வங்கி இது. ஏழைகள் நடத்தும் வங்கி என்பதாலேயே இதை யாரும் வங்கி என்று மதிப்பதில்லை.

ஆனால் விதை மட்டும் வேலியைத் தாண்டினால் போதுமா? போதாது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். விதையோடு ஒரு சொல்லும் தாண்ட வேண்டும். “இந்தா, வச்சுக்க” என்பது பாதிக் கொடை. எப்போது ஊன்றுவது, எந்த மண்ணில் நிற்கும், எந்தப் பூச்சி வரும், இந்தச் செடியிடம் உள்ள குறை என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கொடை. கடைசியாகச் சொன்ன குறை என்னும் சொல்லைச் சற்று அழுத்திப் படிக்குமாறு வேண்டுகிறேன். நம் ஊர் நல்ல மனிதர்கள் நாகரிகம் கருதி விட்டுவிடுவது அதைத்தான்.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் மூலைகளிலிருந்தும் நாம் பேருந்தேறி வருகிறோம். சன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்குத் தெரியும், வழியில் மண் எத்தனை முறை நிறம் மாறுகிறது என்று. குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண். திருமானூரை நெருங்கினால் கொள்ளிடக்கரையின் நெல்வயல்கள். அரியலூரைச் சுற்றிலும் சிமெண்டு ஆலைகளைக் கூட்டிவந்த சுண்ணாம்புக்கல். இவ்வளவு மண்ணுக்கும் சேர்த்துப் பொட்டலத்தின் முதுகில் நான்கு வரி அச்சடித்துவிடுகிறார்கள்!

கொள்ளிடக்கரைப் பெண் ஒருத்தி கரிசல் காட்டு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் வீட்டுக் கத்தரி விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். அங்கே பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள்: “பாத்திக்குள்ள நடாத தாயி, பாரு மேல நடு. ஒரு மழை விட்டா இங்க தண்ணி நிக்கும், வேரு அழுகிப்போவும்.” இந்த ஒரு வரிக்குப் பின்னால் கரிமண்ணின் நுண்துகள்களும், அவை நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும், காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறுவதும் இருக்கின்றன. நாம் அதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். அக்கா மதிப்பெண் கேட்காமல் சொல்கிறாள். அவள் சொல்லாவிட்டால், “அந்தச் சீமைக் கத்தரி இங்க வராது” என்ற பழி பாவம் அந்த விதைமேல் விழும். எத்தனையோ நல்ல விதைகள் நம் ஊர்களை விட்டுப் போனது இப்படிச் சொல் கிடைக்காமல்தான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பாயிக்குக் கையெழுத்துப் போட வராது. இதைப் பெருமைக்கோ இரக்கத்துக்கோ சொல்லவில்லை. விதை விஷயத்தில் எழுத்தறிவின் இடம் எது என்று காட்டச் சொல்கிறேன். சுரை விதையையும் பூசணி விதையையும் ஈர வறட்டியில் பதித்துச் சுவரில் காயவைப்பார். கத்தரி விதையை அலசிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார். துவரைக்குச் செம்மண் கட்டுவார். முதல் காயும் கடைசிக் காயும் விதைக்கு ஆகாது, இடையில் வரும் திரண்ட காயைத்தான் விட வேண்டும் என்பார். “கசந்த சுரைக்கு வெத எடுக்காத” என்பது அவருடைய கண்டிப்பான சட்டம். அந்தக் கசப்புக்குக் குக்கர்பிட்டாசின் என்று பெயர் உண்டு. அது மிகுந்த சுரைக்காய் வயிற்றுக்கு நஞ்சு. தாய்ச்செடியின் கசப்பு விதை வழியே இறங்கும். இதெல்லாம் நம் வகுப்பறைச் செய்தி. சட்டம் மட்டும் அவரிடம் முன்பே இருந்தது.

இதனால் பாட்டி சொன்னதெல்லாம் அறிவியல் என்று கிளம்பிவிடும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்றும் நம் ஊரில் சொல்கிறார்கள்! (கேட்டு வாங்கினால் கூடவே நாலு யோசனையும் கிடைக்கும், திருடனுக்கு அது கிடைக்காது. ஆகவே தழைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.) பாட்டிமார்களுக்குத் தெரியாத பகுதியும் உண்டு. அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. தக்காளி, அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. பக்கத்தில் வேறு வகை நின்றாலும் விதை பெரிதும் தாயைப் போலவே வரும். பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் அப்படியல்ல. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; தேனீயும் வண்டும் எதிர்வீட்டுப் பந்தலுக்கும் போய் வரும். இரண்டு வகைச் சுரை அருகருகே படர்ந்தால் இந்த ஆண்டுக் காய் மாறாது. அதன் விதையில் அடுத்த ஆண்டு குட்டையும் நெட்டையும் கலந்து வரும். கத்தரியும் மிளகாயும் வெண்டையும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அடுத்தநாள் மலரப்போகும் பெண்பூவையும் அதே வகையின் ஆண்பூவையும் மாலையிலேயே துணிப்பையால் மூடி, மலர்ந்ததும் அந்த ஆண்பூவைக் கொண்டு பெண்பூவைக் கையால் தொட்டுவிட்டு மீண்டும் மூடினால் போதும், வகை கெடாது. இதைச் சொல்லப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு திண்ணை வேண்டும்.

அதேபோல, எஃப்-1 என்று அச்சிட்ட வீரிய ஒட்டு விதைப் பொட்டலத்தில் விளைந்த தக்காளியிலிருந்து விதையெடுத்துக் கொடுப்பவர், “இது கலப்பு, அதே மாதிரி வராது” என்று சொல்லியே கொடுக்க வேண்டும். முருங்கைக்கும் இரண்டு வழி உண்டு. போத்து வெட்டி நட்டால் தாய்மரத்தின் மறுபதிப்பு. விதை போட்டால் என்ன வரும் என்று மரம் காய்த்த பிறகே தெரியும். “எங்க மரத்துக் காயி தேனாட்டம் இருக்கும்” என்று சொல்லி விதையைக் கொடுப்பவர், மனத்தில் போத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

இனிக் குறைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாழைக்கன்று வீடு வீடாகப் போயிற்று. கொடுத்தவர் அன்புக்குப் பேர்போனவர். அவருடைய தாய்வாழையின் உச்சி இலைகள் குட்டையாகி, ஓரம் மஞ்சளித்து, கொத்தாக நிமிர்ந்து நின்றதை அவரும் பார்த்திருந்தார், வாங்கியவர்களும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது முடிக்கொத்து நோய். நச்சுயிரால் வருவது; நோயுற்ற கன்றின் மூலமும் வாழை அசுவினியின் மூலமும் பரவுவது. மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி. இரண்டாண்டுக்குள் தெருவில் தார் விட்ட வாழை ஒன்றும் இல்லை. பழனி மலைச்சரிவின் புகழ்பெற்ற விருப்பாச்சி வாழையையே அந்த நோய் பெருமளவு அழித்தது என்றால் எங்கள் தெரு எம்மாத்திரம்!

கொடுப்பதில் உள்ள இன்பம் கண்ணை மறைத்துவிடுகிறது. 2008-இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று ஏறியது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வெளியிட்ட பிறகே அது அடங்கியது. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் கடன் வாங்கிய உயிரினம் அந்தக் குளவி. நாம் ஆசையாக ஒடித்துக் கொடுக்கும் செம்பருத்திக் குச்சியின் கணுவில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு போவது இத்தகைய மாவுப்பூச்சிகள்தான். ஏரி குளமெல்லாம் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாகத்தான் வங்காளத்துக்கு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காய விவசாயிகள் கோழிக்கால் நோய் கண்ட பாத்தியிலிருந்து விதை வெங்காயத்துக்குக் கை வைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் கொல்லைப்புறத்துக்கும் வர வேண்டும். “இதுல நோய் இருக்கு, வேணாம்” என்று சொல்லிக் கொடுக்க மறுப்பவரே உண்மையில் அதிகம் கொடுத்தவர்.

விதையையும் சொல்லையும் சேர்த்துக் கொடுத்த ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் அவர்கள். நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர் என்று அறியப்படுபவர். இரண்டு கிலோ விதைநெல் வாங்கிச் செல்பவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்தது இரண்டு நான்கு என்ற கணக்கன்று. திருப்பித் தர வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை, விளைந்த கதையோடு வருகிறார்! மேட்டில் எப்படி, பள்ளத்தில் எப்படி, வெள்ளத்தில் சாய்ந்ததா, நின்றதா என்ற செய்தியோடு வருகிறார். அமெரிக்காவிலும் 1975-இல் ஓர் இளந்தம்பதியர், தாத்தா கொடுத்த தக்காளி விதையையும் பூக்கொடி விதையையும் வைத்து வீட்டுத் தோட்டக்காரர்களின் விதைப் பரிமாற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த விதைகள் பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்தவை. நம் கொள்ளிடக்கரைப் பெண்ணின் முந்தானை முடிச்சுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

சட்டம் தடுக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். தடுக்காது. நம் நாட்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதற்கு மட்டுமே தடை. 2019-இல் பெப்சிகோ நிறுவனம் தன் உருளைக்கிழங்கு வகையைப் பயிரிட்டதாகக் குசராத் உழவர்கள்மீது வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

சட்டம் தடுக்காததை வேறொன்று தடுக்கிறது. நட்போடு விதை பரிமாறுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, எந்தத் தெரு வரை பரிமாறுகிறோம்? வேலிக்கு வேலி எளிதாகத் தாண்டும் விதை, ஊர்த்தெருவிலிருந்து காலனித் தெருவுக்கும் அங்கிருந்து இங்கும் தாண்டத் தயங்குகிறது. களையெடுக்கும் காட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் பெண்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்வதால் கொஞ்சம் தாண்டுகிறது. திண்ணை வழியாகத் தாண்டுவதில்லை. மகரந்தம் சுமக்கும் தேனீ தெருப் பார்ப்பதில்லை. அதன் வேலையால் இருபுறத்துப் பூசணியும் எப்போதோ உறவு கலந்துவிட்டன. விதைப்பவர்கள்தான் பின்தங்கி நிற்கிறோம்.

அதற்கு நம் கல்லூரி நல்ல இடம் என்று கருதுகிறேன். எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறோம். ஒரே பெஞ்சில் அமர்கிறோம். ஆடிப்பட்டத்துக்கு முன், கல்லூரி திறந்ததும், தாவரவியல் துறை ஒரு விதை நாள் நடத்தலாம். செலவு மிகச் சிறிது. பழைய விடைத்தாள்களை மடித்தால் பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஊர், மண், விதையெடுத்த மாதம், பக்கத்தில் நின்ற வேறு வகை, கண்ட நோய் ஆகிய ஐந்து செய்திகளை எழுதலாம். ஐந்தாவது இடத்தை வெறுமையாக விட்டால் வாங்கக் கூடாது என்று விதி வைக்கலாம். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலிருந்து ஒருவரை அழைத்து, கொண்டுவரும் வாழைக்கன்றையும் குச்சிகளையும் பார்த்துக் கழிக்கச் சொல்லலாம்.

விதை கொண்டுவரும் மாணவர், அதை வளர்த்தவரையும் அழைத்து வர வேண்டும் என்பதே முக்கியம். அம்மாவோ, அப்பாயியோ, பக்கத்து வீட்டு மதினியோ யாராயினும் சரி. எழுதத் தெரியாதவர் சொல்ல, நாம் பொட்டலத்தில் எழுதித் தருவோம். விரிவுரையாளர்களும் தம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து ஒரு பிடி கொண்டுவரலாம். வாங்குவதற்கும் வரிசையில் நிற்கலாம். நாற்காலிகளை ஆய்வகத்திலிருந்து எடுத்துப் போடும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து வறட்டியில் பதித்த சுரை விதை வரும். அப்பாயிக்குப் பேருந்தில் சன்னலோர இடம் பிடித்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.