ஓட்டுப் போட்டால் பூச்சி மாறுமா?

பிரிட்டனில் கிரே டேகர், டார்க் டேகர் என்று இரண்டு அந்துப்பூச்சிகள். இரண்டுக்கும் சாம்பல் இறக்கை, அதில் குட்டிக் கத்தி மாதிரி கறுப்புக் கோடுகள். வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகப் பிரிக்கவே முடியாது. இனப்பெருக்க உறுப்புகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புழுப் பருவத்தில் மட்டும் குழப்பம் இல்லை: கிரே டேகர் புழுவுக்கு முதுகில் மஞ்சள் பட்டை, நீளமான கறுப்புக் கொம்பு, மற்றதற்குக் கொம்பு குட்டை.

ஆனாலும் இறக்கைப் படத்தை மட்டும் பார்த்து 'கிரே டேகரேதான்' என்று அடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட்டில் படம், தேதி, இடத்தோடு ஒருவர் பெயர் போட்டு, இன்னொருவர் ஆமாம் சொன்னால் அது 'ஆய்வுத் தரம்' ஆகிவிடும். ஒருவர் கண்ணுக்குத் தெரியாதது இரண்டு பேர் பார்த்தால் தெரிந்துவிடுமா என்ன?

இவ்வளவு கறார் காட்டினால் மக்கள் ஓடிவிடுவார்களாம்! பொய்யான பெயரைக் கொடுத்து உட்கார வைப்பதுதான் மரியாதையா? இந்தப் பதிவுகளை வைத்துத்தான் எந்த இனம் எங்கே குறைகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். பெயர் மாறினால், ஒன்றின் அழிவு மற்றதன் எண்ணிக்கைக்குள் மறைந்துபோகும்.

அங்குள்ள அனுபவசாலிகள் 'இந்த இரண்டில் ஒன்று' என்று கூட்டாகவே பதிகிறார்கள். அது அறியாமை இல்லை, நேர்மை. பெயர் வைத்தே தீரவேண்டும் என்பவர்கள் புழுவைத் தேடிப் போகட்டும்.