தீவு மூழ்கினாலும் தேசம் மூழ்கக் கூடாது

பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகளைக் கொண்ட துவாலுவின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 11,000. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 2 மீட்டர் உயரமே உள்ள இந்த நிலம் கடலுக்குள் போய்விட்டால், துவாலு என்ற அரசு சட்டத்தின் பார்வையில் நீடிக்குமா? நிரந்தர மக்கள், வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் ஓர் அரசுக்கு வேண்டும் என்கிறது 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை. இருந்த நிலம் அழிந்தால் என்னவாகும் என்று அது பேசவில்லை.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாக வழங்கிய ஆலோசனைக் கருத்துரை இதற்குப் பதில் தந்துள்ளது. ஓர் அரசு நிறுவப்பட்ட பின், அதன் கூறுகளில் ஒன்று மறைவதாலேயே அதன் அரசுத்தன்மை பறிபோக வேண்டியதில்லை என்கிறது அது. கரை பின்வாங்கினாலும், முன்பு முறைப்படி வரையப்பட்ட கடல் எல்லைகளைத் திருத்த வேண்டியதில்லை என்றும் கூறுகிறது. நீதிபதிகள் வார்த்தைகளை அளந்தே பேசியுள்ளனர். ஆயினும், 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் எழுப்பிய கோரிக்கை, வனுவாட்டுவின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை வழியாக இந்த இடத்தை எட்டியது சாதாரணமானதல்ல.

இது வெறும் கொடிக்கும் கீதத்துக்குமான வழக்கன்று. துவாலுவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கு சூரை மீன் பிடிக்கும் அந்நியக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே அரசின் முக்கிய வருவாய். அரசு மறைந்தால் அந்தக் கடல் யாருக்கும் உரிமையற்றதாகும். அதாவது, பெரிய கப்பல் உடையவனுக்கு உரியதாகும். இழப்பீடு கேட்டு வழக்காடவும் ஆளிருக்காது.

அரசில்லாத மக்களின் கதி என்னவென்பதற்குப் பனாபா தீவே சாட்சி. இன்று கிரிபாட்டியின் பகுதியாக உள்ள அந்தத் தீவை 1900 முதல் 1979 வரை பாஸ்பேட்டுக்காகத் தோண்டித் தீர்த்தனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகள் செழித்தன. பனாபா மக்களோ 1945இல் ஃபிஜியின் ராபி தீவுக்கு அனுப்பப்பட்டனர். 1970களில் அவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசுமீது வழக்குத் தொடுத்தபோது, அரசுக்கு இருந்த பொறுப்பு நீதிமன்றம் அமலாக்கக் கூடியதல்ல என்று கைவிரிக்கப்பட்டது. அவர்களைத் துரத்தியது கடலல்ல, காலனியாதிக்கம்.

இன்று ஆஸ்திரேலியா வேறு முகத்துடன் வருகிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தம், துவாலுவின் அரசுத்தன்மை தொடரும் என்று ஏற்கிறது. ஆண்டுக்கு 280 பேருக்குக் குடியேற அனுமதி தருகிறது. 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கே மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் விண்ணப்பித்தனர். ஆனால் பாதுகாப்பு, காவல்துறை, துறைமுகம், தொலைத்தொடர்பு, எரிசக்தி தொடர்பாக வேறெந்த நாட்டுடனும் பாதுகாப்பு உடன்பாடு காண துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். இறையாண்மையை வாயால் ஒப்புக்கொண்டு கையால் பிடுங்குவது இதுதான். இதே ஆஸ்திரேலியா, வடமேற்குக் கடற்பகுதி எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிக்க 2025 செப்டம்பரில் இறுதி அனுமதி அளித்தது. புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமமும் மானியமும் வழங்குவது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகலாம் என்று நீதிமன்றம் எச்சரித்து இரண்டு மாதம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை.

மோடி அரசின் நிலைப்பாடும் பெருமைக்குரியதாக இல்லை. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் நடந்த விசாரணையில், வளர்ந்த நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பை இந்தியா சரியாகவே சுட்டிக்காட்டியது. ஆனால் இருக்கும் காலநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் வாதிட்டது. காலநிலை உடன்படிக்கைகளே போதும் என்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒதுங்கிய அதே கூடாரம் அது. அந்த உடன்படிக்கைகள் மட்டுமே நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

லட்சத்தீவின் பவளத்தீவுகளைக் கொண்டு கடல் எல்லை வகுத்துள்ள இந்தியாவுக்கும் இதில் நேரடி நலன் உண்டு. ஒன்றிய அரசு இக்கருத்துரையை வெளிப்படையாக ஏற்க வேண்டும். கரை எவ்வளவு தேய்ந்தாலும் கடல் எல்லை மாறாது என்ற தீவு நாடுகளின் நிலைக்கும், அவற்றின் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் ஐ.நா.வில் துணை நிற்க வேண்டும்.